பத்து மீட்டருக்கு எத்தனை மடங்கு?

நம் கிளப்பில் ஸ்கோப் மாட்டிய ஏர் ரைபிளோடு டார்கெட் சுட வரும் புது உறுப்பினர்களுக்கு,

உங்களில் பலர் சேர்ந்து 6-24×50 ஸ்கோப்பை (6 முதல் 24 மடங்கு, 50 மி.மீ. முன் லென்ஸ்) மொத்தமாக ஆர்டர் செய்யப்போகிறீர்கள், அதற்குப் பெயர் எழுதும் தாள் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பணம் கட்டும் முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். உங்களில் சிலர் இன்னும் கல்லூரியில் படிக்கிறீர்கள். சிலர் முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்து ரைபிள் வாங்கியவர்கள். ரைபிளின் விலைக்குச் சமமான பணத்தை ஸ்கோப்பில் போடும்போது, அது நீங்கள் சுடும் தூரத்துக்குப் பொருந்த வேண்டும். நீங்கள் சுடுவது 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும்தான். அந்தத் தூரத்துக்கு ஸ்கோப் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது 24 என்ற எண்ணை அல்ல, அது பத்து மீட்டரில் ஃபோகஸ் ஆகுமா என்பதை. எத்தனை மடங்கு என்ற கேள்வி அதற்குப் பிறகே வரட்டும்.

மடங்கைப் பற்றியே முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோர் வாயிலும் இப்போது அதுதான். 4 மடங்கு ஸ்கோப்பில் பார்த்தால் 10 மீட்டரில் இருக்கும் அட்டை இரண்டரை மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். 24 மடங்கில் அதே அட்டை சுமார் 42 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும், அதாவது கையில் புத்தகம் பிடித்துப் படிக்கும் தூரம். பத்து மீட்டர் அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம். நடுவில் இருக்கும் 10 மதிப்பெண் புள்ளி வெறும் அரை மி.மீ. நல்ல பார்வை உள்ள கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. பத்து மீட்டரில் அந்த அரை மி.மீ. புள்ளி நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணமோ அதிலும் ஆறில் ஒரு பங்குதான். ஆகவே 6 மடங்கு இருந்தால் புள்ளி கண்ணுக்கு எட்டத் தொடங்கும், 8 இருந்தால் சிரமமில்லாமல் தெரியும். அதற்கு மேலே போனால் புள்ளி பெரிதாகிக்கொண்டே போகுமே தவிர, குறிவைக்கத் தேவையான புது விவரம் எதுவும் அட்டையில் பாக்கி இல்லை.

அந்தப் புள்ளி தெரிந்தே ஆக வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கே இடமில்லை. பின்னால் துளை வைத்த பீப் சைட், முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். உருப்பெருக்கும் லென்ஸ் எதையும் ரைபிளில் மாட்ட விதி இடம் தராது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அப்படித்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் அப்படித்தான். 60 குண்டுக்கு உச்ச மதிப்பெண் 654. முன்னணி வீரர்கள் 630ஐத் தாண்டுகிறார்கள். அந்த அரை மி.மீ. புள்ளியை அவர்கள் சுடும்போது பார்ப்பதே இல்லை. கறுப்பு வட்டம் முன் வளையத்துக்குள் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணை உருவாக்குவது நிலைப்பாடு, மூச்சு, ட்ரிகர் விரல். ஒரு மடங்கும் பெருக்காத சைட்டால் அங்கே போக முடிகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பத்து மீட்டரில் ஸ்கோப்பை அனுமதித்த ஒலிம்பிக் பந்தயமும் ஒன்று இருந்தது, ரன்னிங் டார்கெட். இரண்டு மீட்டர் அகலத் திறப்பில் இலக்கு குறுக்கே ஓடும். மெதுவான ஓட்டத்துக்கு 5 விநாடி, வேகமான ஓட்டத்துக்கு இரண்டரை விநாடி. 1992 முதல் 2004 வரை அது ஒலிம்பிக்கில் இருந்தது, சீனாவின் யாங் லிங் 1996லும் 2000த்திலும் தங்கம் வென்றார். அந்தப் பந்தயத்தில் ஸ்கோப்புக்கு விதி வைத்த உச்சம் 4 மடங்கு. உங்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை, உங்கள் அட்டை ஓடுவதும் இல்லை. ஆனாலும் பத்து மீட்டரில் 4 மடங்கைக் கொண்டு உலகத் தரத்தில் சுட முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

இப்போது ஃபோகஸ். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

கட்டை விரலை முன்னால் நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறு கண்ணால் பார்த்தால், விரல் பின்னால் இருக்கும் சுவரில் இடம் மாறித் தெரியும். பள்ளியில் இதை இடமாறு தோற்றம் என்று படித்தோம். ஸ்கோப் விற்பவர்கள் பேரலாக்ஸ் என்பார்கள். ஸ்கோப்பின் முன் லென்ஸ் இலக்கின் பிம்பத்தைக் குழலுக்குள்ளே ஓரிடத்தில் விழச்செய்கிறது. குறுக்குக் கம்பியும் சரியாக அதே இடத்தில் இருந்தால், நீங்கள் கண்ணை எப்படி அசைத்தாலும் கம்பி இலக்கில் ஒரே புள்ளியில் ஒட்டியிருக்கும். ஆனால் பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்படும் ஸ்கோப்புகளில் கம்பியை 100 யார்டு இலக்கின் பிம்பம் விழும் இடத்தில் பொருத்தி மூடிவிடுகிறார்கள். 10 மீட்டர் இலக்கின் பிம்பமோ அதைத் தாண்டி, கண்ணின் பக்கமாகத் தள்ளி விழுகிறது. கம்பி ஓரிடம், பிம்பம் வேறிடம். கண் சற்று ஒதுங்கினால் ரைபிள் அசையாமலே குறி நகர்ந்துவிடும்.

எவ்வளவு நகரும் என்று கணக்குப் போடலாம். முன் லென்ஸ் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் அமைக்கப்பட்ட தூரத்துக்கும் இலக்கின் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அதைப் பெருக்கி, அமைக்கப்பட்ட தூரத்தால் வகுங்கள். 40 மி.மீ. லென்ஸ், 100 யார்டு என்பது 91 மீட்டர், இலக்கு 10 மீட்டரில். 20ஐ 81ஆல் பெருக்கி 91ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 மி.மீ. கறுப்பு வட்டத்தின் ஆரமே 15 மி.மீ. சொச்சம்தான், அதாவது நடுப்புள்ளியைக் குறிவைத்ததாக நீங்கள் நம்பும் குண்டு கறுப்பைவிட்டே வெளியே போகலாம். கண் ஸ்கோப்பின் ஓரத்துக்கே ஒதுங்கினால் நேரக்கூடிய உச்ச அளவு இது. கன்னத்தை ஓரளவு ஒழுங்காகப் பதிப்பவருக்கு இதில் கால் பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும் நாலரை மி.மீ. வருகிறது. அது ஒரு பெல்லட்டின் அகலம். இரண்டரை மி.மீ.க்கு ஒரு வளையம் என்று கோடு போட்ட அட்டையில் கிட்டத்தட்ட இரண்டு மதிப்பெண்.

அந்தக் கணக்கில் மடங்கு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 4 மடங்கானாலும் 24 ஆனாலும் இந்தப் பிழையின் உச்சம் ஒன்றுதான். லென்ஸ் 50 மி.மீ. ஆனால் அது 22 மி.மீ. வரை போகும். மடங்கு கூடும்போது படம் மங்கலாகித் தவறைக் காட்டிக்கொடுக்கும், குறையும்போது தவறு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நிலையான ஃபோகஸ் உள்ள 3-9×40 ஸ்கோப்பைப் பத்து மீட்டரில் 9க்குத் திருப்பியதும் அட்டை பனி மூடியதுபோல ஆகிவிடுகிறது என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. அந்த ஸ்கோப் அந்தத் தூரத்துக்குச் செய்யப்பட்டதில்லை.

ஆகவே முன் லென்ஸைச் சுற்றி ஃபோகஸ் வளையம் உள்ள ஸ்கோப்பையோ, பக்கவாட்டில் குமிழ் உள்ளதையோ மட்டும் வாங்குங்கள். முன்னதைக் கடைகளில் ஏஓ என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். அந்த வளையத்தில் மிகக் குறைந்த எண் என்ன என்று பாருங்கள். 10 யார்டு அல்லது அதற்கும் கீழே என்றால் சரி. சில ஸ்கோப்புகள் 15 யார்டிலும் சில 25 யார்டிலும் நின்றுவிடுகின்றன. 6-24×50 என்று ஒரே பெயரில் விற்கும் பலவற்றிலும் இந்த எண் ஆளுக்கொன்றாக இருக்கிறது. நீங்கள் ஆர்டர் செய்யப்போகும் மாடலில் அது என்ன என்று அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை. தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.

வாங்கிய பிறகு வளையத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண்பக்க லென்ஸைத் திருப்பி, பார்த்த மாத்திரத்தில் கம்பி கூர்மையாகத் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றும். பிறகு குண்டு போடாத ரைபிளை மணல் பையில் கிடத்தி, கையை எடுத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கம்பி அட்டைமேல் நகர்ந்தால் வளையத்தைச் சற்றுத் திருப்புங்கள். நகர்வது நிற்கும் இடம்தான் உங்கள் பத்து மீட்டர். அங்கே வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

50 மி.மீ. முன் லென்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லென்ஸ் பெரிதானால் அது ரைபிள் குழலில் இடிக்காமலிருக்க உயரமான ரிங் மாட்ட வேண்டும். ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும். கன்னத்துக்கு ஊன்ற இடமில்லாதபோது கண் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும், அப்போது மேலே சொன்ன பிழைக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகிறது. 32 அல்லது 40 மி.மீ. லென்ஸும் தாழ்ந்த ரிங்கும் நம் தூரத்துக்கு நிறையவே போதும்.

சரி, பெரிய மடங்குக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அது எப்படிச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேசையில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் பை வைத்து, 25 மீட்டரில் அட்டை சுடுகிறவருக்கு 16 மடங்கோ 24 மடங்கோ நல்ல துணை. ரைபிளைப் பை தாங்குகிறது. சுடுபவர் கம்பியை ஒரு மி.மீ. இப்படியும் அப்படியும் வைக்க விரும்புகிறார், அதற்கு அந்தப் பெருக்கம் உதவுகிறது. உங்களில் பெஞ்ச்ரெஸ்ட் மட்டும்தான் சுடப்போகிறவர்கள் இருந்தால், குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த 6-24ஐத் தயங்காமல் வாங்குங்கள்.

நின்று சுடுகிறவர்களுக்கு என் பதில் வேறு. நிற்கிற உடம்பு ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. நாடித் துடிப்புகூட ரைபிளை எட்டித் தொடும். 4 மடங்கில் கம்பி கறுப்பு வட்டத்துக்குள் மெல்ல உலவுவதைப் பார்ப்பீர்கள், அதைப் பார்த்து மனம் பதறாது. விரல் சீராக அழுத்திக்கொண்டே போகும், குண்டு எதிர்பாராத கணத்தில் புறப்படும். அதே உடம்பு, அதே அசைவு, 24 மடங்கில் பார்த்தால் கம்பி வட்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாய்வதாகத் தெரியும். அசைவு ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் மனம் அதை நிறுத்தப் பார்க்கும். நடுப்புள்ளியைக் கம்பி கடக்கும் நொடியைப் பிடிக்க விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும், குண்டு கீழே வலப்பக்கம் போகும். புதிதாக வருகிறவர்கள் பழகும் கெட்ட பழக்கங்களிலேயே விடுபட மிகக் கடினமானது இந்த வெடுக்கு இழுப்பு. அதனால்தான் முதல் வருடத்தில் நின்று சுடும்போது 6க்கு மேல் திருப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு விலைகளைப் பெரிய மடங்குக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது வெளிச்சம். முன் லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸுக்கு 4 மடங்கில் அது 10 மி.மீ., 24 மடங்கில் ஒன்றரை மி.மீ. சொச்சம். டியூப்லைட் வெளிச்சத்தில் நம் கண்மணி அதைவிட நன்றாகவே விரிந்திருக்கும். ஆகவே படம் மங்கும், தலை இம்மி அசைந்தாலும் சுற்றிலும் கறுப்பு நிழல் ஏறும். நம் உள்ளரங்க லேனில் மாலை நேரத்தில் சுடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது பார்வையின் அகலம். 4 மடங்கில் பத்து மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் தெரியும். 24இல் ஒரு சாணுக்கும் குறைவு. பக்கத்து லேன்காரரின் அட்டையில் சுட்டுவிட்டு இரண்டு பேரும் மதிப்பெண் எண்ணும்போது விழிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

படங்களில் பெரிய ஃபோகஸ் சக்கரம் வைத்த ஸ்கோப்புகளைப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள் என்பதும் தெரியும். அவை பிரிட்டனில் பிறந்த ஃபீல்டு டார்கெட் போட்டிக்கானவை. அங்கே 8 முதல் 55 யார்டு வரை வெவ்வேறு இடங்களில் வைத்த உலோக உருவங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும், எந்த உருவம் எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மடங்கு கூடக் கூடப் படம் தெளிவாக நிற்கும் தூர எல்லை சுருங்கும். அதனால் 40, 50 மடங்கில் படம் கூர்மையாகும் இடத்தில் சக்கரத்தைப் பார்த்தால் தூரத்தையே படித்துவிடலாம். அந்தப் பெரும் மடங்கு முதன்மையாகத் தூரம் அளக்கும் கருவி. அதே நாட்டில் ஹண்டர் ஃபீல்டு டார்கெட் என்ற இன்னொரு வகை உண்டு. சுற்று தொடங்கிய பின் அதில் ஸ்கோப்பில் கை வைக்கக் கூடாது. அங்கே சுடுபவர்கள் 10ஐ ஒட்டியே மடங்கை அமைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அருகிலும் தொலைவிலும் ஓரளவேனும் தெளிவு கிடைப்பது அங்கேதான். உங்கள் அட்டையோ அளந்து கட்டிய தூரத்தில் அசையாமல் இருக்கிறது. அதற்குத் தூரம் அளக்கும் கருவி எதற்கு?

ஸ்பிரிங் ரைபிள் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கும். அழுத்தப்பட்ட காற்றில் பிஸ்டன் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னே குலுங்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்காகச் செய்த ஸ்கோப் பின்பக்க உதையைத் தாங்கும்படி கட்டப்பட்டது, இந்த முன்பக்கக் குலுக்கலில் உள்ளே லென்ஸ் தளரும், கம்பி அறும். ஏர்கன்னுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லும் ஸ்கோப்பாகப் பாருங்கள். அரைக் கிலோவைத் தாண்டும் கனமான ஸ்கோப் ஒவ்வொரு உதைக்கும் பின்னால் நழுவப் பார்க்கும், எனவே தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட் போடுங்கள். முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் பிசிபி ரைபிளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஜீரோ செய்யும்போது, அதாவது கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது, அது வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் அதிகம். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் 100 மீட்டரில் குண்டை ஏறத்தாழ 7 மி.மீ. நகர்த்தும். 10 மீட்டரில் அது 0.7 மி.மீ. மட்டுமே. ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக் திருப்ப வேண்டும். நான்கு கிளிக் திருப்பிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று திருகைக் கழற்றாதீர்கள். ஜீரோ செய்த மடங்கிலேயே சுடுங்கள், ஏனென்றால் மலிவான ஸ்கோப்புகளில் மடங்கை மாற்றினால் குண்டு விழும் இடமும் சற்று மாறும். 10 மீட்டரில் ஜீரோ செய்தது 25 மீட்டரில் அப்படியே பொருந்தாது, ஸ்கோப் குழலுக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால். இரண்டு தூரத்துக்கும் கிளிக் எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒரே ஸ்கோப்பில் நின்றும் உட்கார்ந்தும், 10லும் 25லும் சுட விரும்புகிற உங்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது 10 யார்டிலிருந்தே ஃபோகஸ் ஆகும் 3-9×40 அல்லது 4-12×40 ஏஓ. நிற்கும்போது 4 முதல் 6, மேசையில் 9 முதல் 12. கம்பி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கம்பி குறைந்த மடங்கில் பத்து மீட்டர் அட்டையில் ஒன்றிரண்டு மி.மீ.யை மூடிவிடும். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல பெல்லட் வாங்குங்கள், இரண்டு மூன்று வகையைச் சுட்டுப் பார்த்து உங்கள் குழலுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண்ணில் அதன் பலன் உடனே தெரியும்.

ஒரு வேண்டுகோள். வீட்டு மாடியில் பழகுகிறவர்கள் ஸ்கோப்பைத் தொலைநோக்கியாக எண்ணித் தெருவையோ எதிர்வீட்டையோ பார்க்கக் கூடாது. ஸ்கோப் பார்க்கும் திசையில்தான் குழலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மைனாவும் கிளியும் அணிலும் இலக்குகள் அல்ல. 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்குள் ஆற்றல் என்ற வரம்பில் இருக்கும் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம் என்று சட்டம் நம்மை நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை கெடாமல் நடந்துகொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு காலை 25 மீட்டர் லேனுக்குப் பக்கத்து மேசையில் மூன்று ரைபிள்களை வைக்கிறேன். ஒன்றில் நிலையான 4 மடங்கு, ஒன்றில் 4-12 ஏஓ, ஒன்றில் நீங்கள் விரும்பும் அதே 6-24×50. ஒவ்வொன்றிலும் பத்து மீட்டரில் நின்று ஐந்து குண்டு, இருபத்தைந்தில் உட்கார்ந்து ஐந்து குண்டு சுடுங்கள். அட்டையின் பின்னால் உங்கள் பெயரையும் மடங்கையும் எழுதுங்கள். எந்த அட்டை நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டரை முடிவு செய்யலாம். வழக்கமாகச் சுடும் பெல்லட் டப்பாவைக் கையோடு கொண்டுவாருங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கண்ணாடியோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர்